ஆடிக், பாத்துக்க

எங்கள் குடும்பத்தில் நாலு பேர் விருந்துக்குக் கூடினால் தவறாமல் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. அம்மா ஒருமுறை தம்பிக்கு இருமல் மருந்தை அளவில்லாமல் கொடுத்து, அவனை மறுநாள் மத்தியானம்வரை தூங்க வைத்த கதை. அத்தை அதைக் கை வீசி, கண்ணை உருட்டிச் சொல்வார். தம்பியும் தன் பங்குக்கு, "அதனாலதான் எனக்கு இன்னும் காலையில எந்திரிக்க முடியலலா" என்பான். ஆனால் அந்தக் கதையை எல்லாரையும்விட அதிக முறை சொன்னவள் நான்தான். தம்பியின் கல்யாண விருந்தில் மைக்கைப் பிடித்துக்கூடச் சொன்னேன். மேடையோரம் நின்றிருந்த அம்மா எல்லாரோடும் சேர்ந்து சிரித்தார்.

அந்தக் கதை பொய் என்று எனக்குத் தெரிந்து இன்றோடு ஆறு நாள் ஆகிறது.

இதை எழுதும்போது பக்கத்து அறையில் என் சின்னவன் இருமுகிறான். இரண்டரை வயது. அவன் இருமும்போதெல்லாம் எழுந்துபோய், சட்டையைத் தூக்கி, மூச்சு இழுக்கையில் விலாவுக்குக் கீழே குழி விழுகிறதா என்று பார்த்துவிட்டு வந்து உட்காருகிறேன். விழவில்லை. சாதாரணச் சளிதான் என்று டாக்டர் மூன்று தரம் சொல்லிவிட்டார். இருந்தும் கால் தானாக எழுந்து போகிறது.

அப்போது நாங்கள் தீவில், டத்தோ கிராமாட் என்ற பகுதியில் ஒரு பலகை வீட்டில் குடியிருந்தோம். எனக்கு ஆறு முடிந்து ஏழு நடந்தது. தம்பிக்கு ஒன்றரை வயது. அப்பா காலையில் ஃபெர்ரி ஏறி அக்கரைக்கு வேலைக்குப் போனால் மாலையில்தான் திரும்புவார். டிசம்பர் மாதம். ஜனவரியில் பள்ளி திறக்கவிருந்ததால் அம்மா முன்னறையில் தையல் மெஷினைப் போட்டுக்கொண்டு பாதித் தெருவுக்குச் சீருடை தைத்துக்கொண்டிருந்தார். நாற்காலி முதுகிலும் கதவின் மேலும் சட்டைக்கு மேல் போடும் நீலப் பினாஃபோர் கவுன்கள் தொங்கின. அவற்றில் ஒன்று என்னுடையது. அந்த ஜனவரியில் நான் முதலாம் வகுப்புக்குப் போகவிருந்தேன்.

பாலர் பள்ளியில் எழுத்துக்கூட்டக் கற்றுக்கொண்ட பெருமையில் எதைக் கண்டாலும் படித்துக்கொண்டிருந்த காலம் அது. பிஸ்கட் டின், பஸ்ஸின் முதுகு, நாட்காட்டியின் மூலை, ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. மலாய்ச் சொற்களில் பாதிக்கு எனக்குப் பொருள் தெரியாது. எழுத்தைக் கூட்டிவிட்டால் பொருள் தானாக வந்துவிடும் என்று நம்பினேன். வராத இடத்தைத் தமிழால் நிரப்பிக்கொண்டேன்.

தம்பிக்கு முதலில் மூக்கு ஒழுகியது. பிறகு இருமல் பிடித்தது. இரண்டு தெரு தள்ளி இருந்த அத்தைக்கு அது எப்படியோ கேட்டுவிட்டது. வாசலிலேயே விசாரணையைத் தொடங்கினார்.

"தலைக்குத் தண்ணி ஊத்துனியா?"

"இல்ல அண்ணி" என்றார் அம்மா.

"வாழப்பழம் குடுத்தியா?"

"இல்ல அண்ணி."

"ஐஸ் தண்ணி?"

"இல்ல அண்ணி."

"அப்ப எப்படிச் சளி புடிக்கும்? நீ என்னமோ பண்ணியிருக்க. யோசிச்சுப் பாரு."

அம்மா மெஷினை நிறுத்தாமல் யோசித்துப் பார்த்தார். அத்தை தம்பியின் உள்ளங்காலில் தைலம் தேய்த்தார். கற்பூரவல்லி இலையைக் கசக்கிச் சாறு புகட்டினார். தம்பி அதை மரியாதையாக வாயில் வாங்கி, அத்தையின் சேலையில் துப்பினான். மறுநாள் அம்மா அவனைக் கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு போய், ஒரு பாட்டில் சிவப்பு மருந்தோடு திரும்பினார். குடித்தால் தூக்கம் வரும் என்று அங்கே சொல்லி அனுப்பியிருந்தார்கள். காலை, மத்தியானம், இரவு என்று ஒவ்வொரு கரண்டி கொடுத்தார். பாட்டில் மெஷின் மேசையில் நூல் டப்பாவுக்குப் பக்கத்தில் நின்றது.

பக்கத்து வீட்டில் மலாய்க்கார அம்மாள் ஒருவர் இருந்தார். மக்சிக் என்று கூப்பிடுவோம். அத்தை முறை மாதிரிதான். எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவே ஒரு கம்பி வேலி. மருந்து வாங்கி வந்த மறுநாள் காலை நான் தம்பியை வேலியோரம் உட்கார வைத்து விளையாட்டுக் காட்டிக்கொண்டிருந்தேன். தம்பி இருமினான். துணி உலர்த்த வந்த மக்சிக் எட்டிப் பார்த்துச் சொன்னார்:

"ஆடிக் பாத்துக் கா?"

எனக்கு ஆடிக் தெரியும். ஆடிக் என்றால் தம்பி. மிச்சத்தை மக்சிக் எனக்காகத் தமிழில் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். தம்பி, பாத்துக்க. எனக்கு உடம்பெல்லாம் பெருமை. இத்தனை நாளும் இந்த அம்மாளுக்குத் தமிழ் தெரியும் என்று யாரும் சொல்லவில்லையே!

மலாயில் பாத்துக் என்றால் இருமல். எங்கள் ஊரில் மலாய்க் கேள்வியின் வாலில் ஒரு கா போடுவார்கள். தம்பிக்கு இருமலா என்று பாவம் அவர் கேட்டிருக்கிறார்.

"ஆமா, பாத்துக்கறேன்" என்றேன்.

"கெசியான்" என்று தம்பிக்காக இரக்கப்பட்டு அவர் தலையசைத்தார். நானும் தலையசைத்தேன். எங்களுக்குள் பேச்சு ஒரு குறையும் இல்லாமல் முடிந்தது.

பொறுப்பு வந்துவிட்டது. பொறுப்புக்குத் தக்க உடுப்பு வேண்டுமே. உள்ளே போய் என்னுடைய புது வெள்ளைச் சட்டையையும் நீலப் பினாஃபோரையும் எடுத்துப் போட்டுக்கொண்டேன். அம்மா ஊசிக்கு நூல் கோத்துக்கொண்டே பார்த்து, "அழுக்காக்கிடாதடி" என்றதோடு விட்டுவிட்டார். அன்றைக்குள் ஆறு உருப்படி முடிக்க வேண்டியிருந்தது. தம்பி இருமியதால் மூன்று இரவாக அவர் தூங்கியும் இருக்கவில்லை.

தம்பியைப் பார்த்துக்கொள்வது எப்படி என்று யோசித்தபோது மருந்து பாட்டில் கண்ணில் பட்டது. அதன்மேல் ஒட்டியிருந்த தாளைப் படித்தேன். உபாட். அது எனக்குத் தெரியும், மருந்து. அடுத்த சொல்லைக் கூட்டினேன். பா, து, கடைசியில் ஒரு க். பாத்துக்! மக்சிக் சொன்ன அதே சொல். பார்த்துக்கொள்ளும் மருந்து. அதற்குக் கீழே மூன்று என்ற எண், பக்கத்தில் காலி என்று ஒரு சொல். மலாயில் அதற்கு 'தடவை' என்று பொருள். ஒரு நாளைக்கு மூன்று தடவை. எனக்குத் தெரிந்த காலி ஒன்றுதான். டம்ளர் காலி, டப்பா காலி. ஆக, மூன்று மணிக்குள் பாட்டில் காலியாக வேண்டும்.

எல்லாம் எவ்வளவு தெளிவாக எழுதியிருந்தது!

பாட்டிலையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனேன். அம்மா துணியைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார், பார்க்கவில்லை. தம்பி இருமும்போதெல்லாம் ஒரு கரண்டி. மருந்து இனிப்பு. அவன் குருவிக்குஞ்சு மாதிரி வாயைத் திறந்தான். சிந்தியதை என் சட்டைக் கையால் துடைத்தேன். முன்னறையில் மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் இருமல் குறைந்தது. நான் நிறுத்தவில்லை. இருமல் நின்றாலும் பாட்டில் காலியாகவில்லையே.

"சத்தமே இல்லயே, இருமல் அடங்கிடுச்சா?" என்று அம்மா அங்கிருந்தே கேட்டார்.

"நான் பாத்துக்கறேன்மா."

"என் தங்கம்" என்றார் அம்மா.

அந்த இரண்டு சொல்லை நான் பல வருஷம் பத்திரமாக வைத்திருந்தேன்.

தம்பி தூங்கிப்போனான். மூன்று இரவுக்குப் பிறகு பிள்ளை தூங்குகிறானே என்று அம்மா அவனை எழுப்பவில்லை. மத்தியானம் மக்சிக் ஒரு கிண்ணத்தில் கஞ்சி எடுத்துக்கொண்டு வந்தார். ஆடிக் எங்கே என்று கேட்டுக்கொண்டே உள்ளே போனவர், ஊட்டுவதற்காக அவனைத் தூக்கினார். தலை ஒரு பக்கமாகச் சரிந்தது. கன்னத்தைத் தட்டினார். பிறகு அவர் போட்ட கூச்சலில் மெஷின் நின்றது.

அம்மா ஓடி வந்தார். தம்பியைப் பார்த்தார். தரையில் காலியாகக் கிடந்த பாட்டிலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் பினாஃபோர் பையில் கரண்டியோடு, ஒரு கை சிவப்பாக, நல்ல பிள்ளையாக நின்றுகொண்டிருந்தேன். அம்மா தம்பியை வாரி எடுத்தார். மக்சிக்கின் கணவர் காரை எடுத்தார். போகும் வழியெல்லாம் அம்மா தம்பியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். அவ்வளவு தரம் ஒருவரைக் கூப்பிட்டும் அவர் திரும்பிப் பார்க்காமல் இருக்க முடியும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் தம்பியை ஒரு கதவுக்குப் பின்னால் கொண்டுபோனார்கள். நானும் அம்மாவும் வெளியே ஒரு நீள பெஞ்சில் உட்கார்ந்தோம். அம்மா கைக்குட்டையை எச்சிலில் நனைத்து என் வாயையும் முகவாயையும் துடைத்தார். பிறகு என் சட்டைக் கையை இரண்டு மடிப்பு மடித்துவிட்டார். சிவப்பு உள்ளே போய்விட்டது. மற்றக் கையையும் அதே அளவுக்கு மடித்தார். தையல்காரி அல்லவா, அந்த நேரத்திலும் இரண்டு பக்கமும் சமமாக இருந்தது. ஆஸ்பத்திரியில் அழுக்காக இருக்கக்கூடாது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

கதவு திறந்தது. ஒரு டாக்டரும் ஒரு மிசியும் வந்தார்கள். நர்ஸை நாங்கள் மிசி என்போம். டாக்டர் மலாயில் கேட்டார்: சியாப்பா பாகி உபாட்? மருந்தை யார் கொடுத்தது?

இது எனக்குப் புரிந்தது. வாயைத் திறந்தேன். அம்மாவின் கை என் கையை இறுக்கியது.

"சாயா" என்றார் அம்மா. நான்.

மிசி தமிழ்ப் பெண். டாக்டர் உள்ளே போகும்வரை பொறுத்திருந்துவிட்டுப் பிடித்துக்கொண்டார்.

"என்னம்மா நீங்க, ஒரு பாட்டில் முழுசும் ஒரே நாள்லயா? லேபல்ல எழுதியிருக்குல்ல? படிக்கத் தெரியாட்டி யாரையாச்சும் கேக்கக் கூடாதா? சின்னப் புள்ள உசிருமா!"

"தெரியாம குடுத்துட்டேன் மிசி."

அம்மா ஐந்தாம் படிவம், அதாவது பள்ளியின் இறுதி வகுப்புவரை படித்தவர். எங்கள் தெருவில் யாருக்கு அரசாங்கக் கடிதம் வந்தாலும் அவரிடம்தான் கொண்டுவருவார்கள். இது மிசிக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்தும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. நான் என் கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தேன். நான் கொடுத்தது தாளில் எழுதியிருந்தபடி. அதில் தப்பு வர வழியில்லை. ஆக, எனக்குத் தெரியாமல் அம்மாவும் கொடுத்திருக்கிறார். அதிகமாகிப்போனது அம்மா கொடுத்ததுதான்.

தகவல் தெரிந்து அத்தை சாப்பாட்டுக் கேரியரோடு வந்தார். கேரியரைக் கீழே வைப்பதற்கு முன்பே, "ஊருக்கெல்லாம் லெட்டர் படிக்கிறவ! ஒரு லேபல் படிக்கத் தெரியலயே உனக்கு" என்றார்.

"வேல அவசரத்துல பாக்கல அண்ணி" என்றார் அம்மா.

சாயங்காலம் அப்பா வேலை உடுப்போடு ஃபெர்ரியிலிருந்து நேராக வந்தார். கோபத்தில் கத்துகிற ஆள் இல்லை. அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் ஒன்றே ஒன்று கேட்டார்: "பாத்துக்க மாட்டியா?"

காலையிலிருந்து அந்தச் சொல் ஆளுக்கு ஆள் கை மாறி, கடைசியில் அம்மாவிடம் போய்ச் சேர்ந்தது. அம்மா தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அம்மாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

தம்பி மறுநாள் மத்தியானம் கண்ணைத் திறந்து பால் கேட்டான். அத்தை உடனே, தான் வேண்டிக்கொண்டதால்தான் என்று அறிவித்தார். வீட்டுக்கு வந்தபின் என் சட்டையின் கறை எதற்கும் போகவில்லை. அம்மா அந்தக் கையைப் பிரித்தெடுத்துவிட்டு வேறு துணியில் கை வைத்துத் தைத்தார். ஜனவரியில் நான் முதலாம் வகுப்புக்குப் போனபோது என் சட்டையின் ஒரு கை மற்றதைவிடக் கொஞ்சம் கூடுதல் வெள்ளையாக இருந்தது. மருந்து பாட்டில்கள் அதன்பின் எங்கள் வீட்டில் பூட்டிய அலமாரியில் இருந்தன. சாவி அம்மாவின் தாலிக்கொடியில் தொங்கியது.

போன சனிக்கிழமை நான், இப்போது குடியிருக்கும் கெலுகோர் வீட்டின் சாப்பாட்டு மேசையில் தேர்வுத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். ஆசிரியர் வேலை. தாள்கள் திங்கட்கிழமைக்குள் போக வேண்டும். சின்னவனின் இருமலுக்கு மருந்து வேண்டாம் என்று டாக்டர் அதற்கு இரண்டு நாள் முன்புதான் சொல்லியிருந்தார். இந்த வயதில் இருமல் மருந்தால் பிரயோசனம் இல்லை, கெடுதல்தான் வரலாம். அடிக்கடி குடிக்கக் கொடுங்கள். ஒரு வயது தாண்டிவிட்டதால் கொஞ்சம் தேன் கொடுக்கலாம். வேகமாக மூச்சு வாங்கினாலோ, விலா குழிந்தாலோ, குடிக்க மறுத்தாலோ உடனே தூக்கிக்கொண்டு வாருங்கள். மற்றபடி சும்மா பார்த்துக்கொள்ளுங்கள், போதும் என்றார்.

பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மூத்தவள், எட்டு வயது, தம்பியோடு உள்ளே இருந்தாள். முப்பதாவது தாளோ என்னவோ, வீடு அமைதியாக இருப்பது திடீரென்று காதில் விழுந்தது. போய்ப் பார்த்தால் சின்னவன் பாயில் சுருண்டு கிடந்தான். பக்கத்தில் அவளுக்குப் போன தடவை சளி பிடித்தபோது வாங்கி, மிச்சத்தை ஃபிரிட்ஜ் கதவில் வைத்து நான் மறந்துபோன, தூக்கம் வரவைக்கும் சளி மருந்து. மூடி திறந்திருந்தது.

"அம்மா, தம்பிக்கு நான் மருந்து குடுத்துட்டேன். இப்ப இருமவே இல்ல" என்றாள். முகமெல்லாம் சிரிப்பு.

கிளினிக்குக்கு எப்படி வண்டி ஓட்டினேன் என்று நினைவில்லை. டாக்டர் சின்னவனின் கண்ணிமையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே மலாயில் கேட்டார், யார் கொடுத்தது என்று. என் மகள் என்னை ஒட்டி நின்றிருந்தாள். அவள் வாயைத் திறப்பது எனக்குத் தெரிந்தது.

"சாயா" என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. அந்தச் சொல் என்னைக் கேட்காமலே வெளியே வந்தது. எவ்வளவு கொடுத்தது என்பதை மட்டும் சரியாகச் சொன்னேன். அவளிடம் காரிலேயே கேட்டுவைத்திருந்தேன். மூன்று கரண்டி. சின்னவனை நான்கு மணி நேரம் படுக்கையில் வைத்துக் கவனித்தார்கள். விழித்தான், அழுதான், பிஸ்கட் கேட்டான், அனுப்பிவிட்டார்கள்.

திரும்பும் வழியில் மூத்தவள் பின்சீட்டில் தம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாலத்துக்குத் திரும்பும் சிக்னலில் நின்றபோது மெல்லக் கேட்டாள்: "அம்மா, நீங்களும் குடுத்தீங்களா?"

பச்சை விழுந்தும் நான் வண்டியை எடுக்கவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

"ஆமா" என்றேன்.

பூட்டுப் போட்ட பெட்டி ஒன்று வாங்கி, இருந்த மருந்தையெல்லாம் அதில் வைத்து, சாவியைக் கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொண்டேன். மறுநாள், அக்கரையில் பத்து காவான் என்ற ஊரிலிருந்து அம்மா போன் பண்ணினார். தம்பியோடு அங்கேதான் இருக்கிறார். நடந்ததை அவரிடம் முழுதாகச் சொன்னேன், கிளினிக்கில் நான் சொன்ன பதிலைத் தவிர.

"மூத்தவள திட்டுனியா?" என்றார் அம்மா.

"இல்லம்மா."

"சரி, நல்லது" என்றார். பிறகு சின்னவன் சாப்பிட்டானா என்று கேட்டார். நானும் வேறு எதையும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று அன்றிலிருந்து போனைக் கையில் எடுத்து எடுத்து வைக்கிறேன்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அன்று ஆஸ்பத்திரி பெஞ்சில், மிசி திட்டிவிட்டுப் போனபின், அத்தையும் அப்பாவும் வருவதற்கு முன், அம்மா முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அம்மா அழுது நான் அதற்கு முன் பார்த்ததில்லை. தப்புப் பண்ணிவிட்டு மாட்டிக்கொண்டால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால் அவர் காதோரம் போய்ச் சொன்னேன்:

"அழாதம்மா. நீ குடுத்தத நான் அப்பாகிட்ட சொல்லமாட்டேன்."

அம்மா கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். மடித்த என் சட்டைக் கையை இன்னொரு தரம் நீவிவிட்டார்.

"சரி தங்கம். நீயும் சொல்லாத, நானும் சொல்லமாட்டேன்" என்றார்.

அப்பாவிடம் மிசி சொன்னார், அத்தை சொன்னார். நான் சொல்லவில்லை. கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்டேன் என்று அன்று எனக்கு ரொம்ப நிம்மதி. அப்பா கடைசிவரை அம்மாதான் என்று நம்பியே போய்ச் சேர்ந்தார். அம்மாவும் தன் வாக்கை இன்றுவரை காப்பாற்றிக்கொண்டிருக்கிறார். என்ன வாக்கு என்பதுதான் எனக்குத் தெரியாமல் இருந்தது.